கோழிக் கொட்டிலுக்குத் தகுந்த கூளம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கோழி வளர்ப்பைப்பற்றிப் பிரஸ்தாபம் எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது எந்த ஜாதிக் கோழி நல்லது என்பது. அடுத்துக் கேட்கப்படுவது எந்தத் தீனி நல்லது என்பது. கோழி இரவும் பகலும் எதன்மேல் நிற்கிறது, எதன்மேல் படுக்கிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆயினும் நல்ல ஜாதியும் நல்ல தீனியும் கொடுக்கும் லாபத்தைக் காலடியிலுள்ள ஈரத்தரை சப்தமின்றித் தின்றுவிடக்கூடும். ஆதலின் கொட்டிலின் தரையில் பரப்பப்படும் கூளத்தைப்பற்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இதன் முக்கியத்தை விளக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தில் கடன் பெற்று ஒரு குடும்பத்தார் புரட்டாசி மாதத்தில் நூறு குஞ்சுகளை வாங்குகிறார்கள் என்று கொள்க. குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன, வளர்கின்றன. ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. சாரல் உள்ளே அடிக்கிறது. தண்ணீர்த் தட்டு கவிழ்கிறது. தரையிலிட்ட கூளம் சேறுபோல் ஆகிறது. மழை விட்டபின் மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். நாலைந்து நாளில் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒடுங்கி நிற்கின்றன. எச்சத்தில் இரத்தம் தோன்றுகிறது. ஒரு வாரத்திற்குள் முப்பது குஞ்சுகள் போய்விடுகின்றன. மிஞ்சியவையும் தேறுவதற்கு நாட்கள் ஆகின்றன. ஆனால் சங்கத்தின் பேரேட்டில் கடன் நூறு குஞ்சுகளுக்கே நிற்கிறது. இறந்த குஞ்சுக்கும் வட்டி உண்டு. இவ்வளவு நஷ்டத்திற்கும் காரணம் சில மூட்டை உலர்ந்த கூளத்தைக் காலத்தில் தேடி வைக்காமையேயாகும்.

கூளம் செய்யும் வேலை

முட்டையிடும் பருவத்திலுள்ள ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும். அதன் இருமடங்கு எடையுள்ள தண்ணீரைக் குடிக்கும். கோடையில் இன்னும் அதிகமாகக் குடிக்கும். அது இடும் எச்சம் நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாது. அவ்வெச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீரே. கோழிகள் மாட்டைப்போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. இரண்டும் ஒன்றாகவே வெளிப்படும். இக்கணக்கின்படி நூறு கோழிகள் உள்ள கொட்டிலின் தரையில் தினந்தோறும் ஏழு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் விழுகிறது. ஒரு மாதத்தில் அது இருநூறு லிட்டரைத் தாண்டும். யாரேனும் ஒருவர் தினமும் காலையில் அரைக் குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிலில் தெளித்துவிட்டுப் போனால் வீட்டார் பொறுத்திருக்கமாட்டார்கள். கோழிகளோ அதையே ஓயாமல் செய்து வருகின்றன.

இத்தண்ணீரை முதலில் வாங்கிக்கொள்வதும், பின்பு அதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் தான் உலர்ந்து நிற்பதும் கூளத்தின் வேலையாகும். இவ்விரண்டில் பின்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் பொருளாயினும், குடித்ததை விடாமல் வைத்துக்கொண்டால் சில வாரங்களில் அது ஈரச் சாக்கைப்போல் ஆகிவிடும். ஆகையால் கூளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இது ஈரத்தை எவ்வளவு வாங்கும் என்று கேட்பதோடு, எவ்வளவு சீக்கிரம் விடும் என்றும் கேட்கவேண்டும்.

இவையன்றி வேறு பயன்களும் உண்டு. கூளம் தரையின் குளிர்ச்சி கோழியின் உடலில் ஏறாதபடி தடுக்கிறது. எச்சத்தைத் தன்னுள் கலந்துகொண்டு, கோழி அதன்மேல் நேரே நில்லாதபடி செய்கிறது. காலால் கீறிக் கிளறுவதும் புழுதியில் புரள்வதும் கோழியின் சுபாவமாதலால், அதற்கு இடங்கொடுக்கிறது. கீறுவதற்கு ஒன்றுமில்லாத கோழிகள் ஒன்றன் இறகை மற்றொன்று கொத்தத் தொடங்குவதை வளர்ப்பவர் யாவரும் கண்டிருப்பர்.

ஈரத்தினால் விளையும் கேடுகள்

முதலாவது, இரத்தக் கழிச்சல். இந்நோயை உண்டாக்கும் நுண்ணிய உயிர்களின் கரு எச்சத்தோடு வெளிப்படுகிறது. வெளிப்பட்டவுடன் அது நோயைத் தருவதில்லை. உஷ்ணம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் கிடைத்தால் ஓரிரண்டு நாட்களில் அது முதிர்ந்து, தின்ற குஞ்சின் குடலைப் புண்ணாக்கும் சக்தியைப் பெறுகிறது. உஷ்ணமும் காற்றும் நமது தேசத்தில் எங்கும் உள்ளவை. அவற்றை விலக்க முடியாது. விலக்கக்கூடியது ஈரம் ஒன்றே. மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளே இந்நோய்க்குப் பெரும்பாலும் பலியாகின்றன. எச்சத்தில் இரத்தத்தைக் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சென்று மருந்து பெறவேண்டும், மறுநாளைக்கென்று வைக்கலாகாது.

இரண்டாவது, பூஞ்சக்காளான். ஈரமான வைக்கோலிலும் கடலைத் தோலிலும் பூக்கும் காளானின் துகளைக் குஞ்சுகள் சுவாசித்தால் அவற்றின் நுரையீரலில் கட்டிகள் உண்டாகின்றன. அக்குஞ்சுகள் வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறும். இதற்குப் பயன்தரும் சிகிச்சை இல்லையென்றே சொல்லலாம். வராமல் காப்பதே வழி.

மூன்றாவது, அம்மோனியா என்னும் காரவாயு. எச்சத்திலுள்ள உப்புக்களை ஈரத்தில் பெருகும் கிருமிகள் சிதைக்கும்போது கண்ணைக் கரிக்கும் இவ்வாயு எழுகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் இது 25 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான விதி. அதற்கு மேற்பட்டால் கோழியின் மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகள் கெடுகின்றன, கண்கள் புண்ணாகின்றன, மற்றச் சுவாச நோய்கள் எளிதில் பற்றுகின்றன. கொட்டிலைப் பெருக்கித் தீனி வைக்கும் பெண்மக்களின் கண்ணுக்கும் மார்புக்கும் இவ்வாயு தீங்கு செய்வதை மறக்கலாகாது.

இவற்றோடு உள்ளங்காலில் புண், மார்பில் கொப்புளம், அழுக்குப் படிந்த முட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆயினும் கூளம் உலர்ந்திருந்தால் எல்லா நோயும் விலகும் என்று எண்ணலாகாது. இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தே காவல். உலர்ந்த தரை அதற்குப் பதிலாகாது.

எந்தப் பொருள் தகுந்தது?

நல்ல கூளம் இலேசாயும் உலர்ந்ததாயும் இருக்கவேண்டும், கட்டிபிடிக்கலாகாது, தூசி அதிகம் எழலாகாது, பூஞ்சணம் பூத்ததாகவோ, விஷ மருந்து கலந்ததாகவோ இருக்கலாகாது, கடைசியில் வயலுக்கு எருவாகவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது பக்கத்தில் மலிவாகக் கிடைக்கவேண்டும். எல்லாக் குணமும் நிறைந்த பொருள் ஒன்று எங்குமில்லை. ஆகையால் ஒவ்வொன்றின் குணமும் குற்றமும் கீழே சொல்லப்படுகின்றன.

உமி. நெல் விளையும் ஜில்லாக்களில் முதலில் நினைக்கத்தக்கது இதுவே. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். மணற்சத்து மிகுந்ததாதலால் இது ஈரத்தை அதிகம் குடிப்பதில்லை. ஆனால் எளிதில் மக்குவதுமில்லை, கட்டிபிடிப்பதுமில்லை. உமிகளுக்கிடையே காற்று நன்றாக உலாவுவதால் விழுந்த ஈரம் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கோழிகளும் இதை எளிதில் கிளறுகின்றன. ஆயினும் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பழைய ஹல்லர் மில்களில் உமியும் தவிடும் நொய்யும் ஒன்றாய்க் கலந்து விழும். அக்கலப்பைக் கூளமாகப் பரப்பினால் கோழிகள் அதைத் தீனியென்று கொத்தும், வண்டு பிடிக்கும், ஈரம் பட்டால் புளித்துப் பூஞ்சணம் பூக்கும். உமி வேறு தவிடு வேறாகப் பிரிக்கும் மில்களிலிருந்து தனி உமியையே வாங்கவேண்டும். ஒரு பிடி அள்ளிக் கையில் தேய்த்தால் மாவு ஒட்டாதிருப்பதே தனி உமிக்கு அடையாளம்.

நிலக்கடலைத் தோல். வட ஜில்லாக்களில் மல்லாட்டைத் தோல் என்பர். உமியைக் காட்டிலும் ஈரத்தை நன்றாக வாங்கும், மெத்தென்று இருக்கும், எருவுக்கும் உயர்ந்தது. ஆனால் இதற்கொரு பெருங்குற்றம் உண்டு. நிலக்கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்ஸின் என்னும் கொடிய விஷத்தை உண்டாக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், அவற்றின் தீனியில் சேர்ந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த இவ்விஷமே என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. தோலுக்குள் சுருங்கிய பருப்புகள் தங்கியிருப்பதாலும், கோழி அவற்றைத் தேடிக் கொத்துமாதலாலும், மழையில் நனைந்த தோலையும் கறுத்த தோலையும் வாங்கவே கூடாது. வெயிலில் நன்கு காய்ந்து சலசலவென்று ஒலிக்கும் தோலாயின் அச்சமின்றிப் பரப்பலாம்.

மரச்சீவலும் மரத்தூளும். தச்சர் இழைப்புளியிலிருந்து விழும் சுருட்சீவல் மிகச் சிறந்த கூளம்; ஈரத்தை வாங்குவதிலும் விடுவதிலும் இதற்கு ஒப்பானவை குறைவு. ஆனால் கிராமத்தில் அது வேண்டிய அளவு கிடைப்பதில்லை. வாள்பட்டறைத் தூள் அதிகம் கிடைக்கும்; எனினும் பொடித்தூளால் புழுதி எழும்; இளங்குஞ்சுகள் அதைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். பச்சை மரத்தின் தூள் தானே ஈரமுள்ளது; காயவைத்தே பரப்பவேண்டும். கறையானுக்கும் உளுப்புக்கும் மருந்தூட்டிய மரத்தின் சீவலும் தூளும் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் கொட்டிலுக்குள் நுழையலாகாது.

தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலும் மற்றத் தென்னஞ் ஜில்லாக்களிலும் மலைபோல் குவிந்து கிடப்பது. தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட தண்ணீரைக் குடிக்கும். இதைக் கேட்டவுடன் இதுவே சிறந்ததென்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை இங்கே கேட்கவேண்டும். இது வாங்கிய ஈரத்தை எளிதில் விடுவதில்லை. ஆலையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் ஈரத்தோடு வரும். முற்றும் காய்ந்தாலோ தூசியாய்ப் பறக்கும். காற்றோட்டம் நிறைந்த கொட்டிலில், நன்றாகக் காயவைத்து, அடிக்கடி கிளறக்கூடியவர்கள் மட்டும் இதைத் தனியே பயன்படுத்தலாம். மற்றையோர் உமியோடு கலந்து பரப்புவது நலம். உமி காற்றுக்கு வழிவிடும். நார்க்கழிவு ஈரத்தை வாங்கும். ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும்.

வைக்கோல். வீட்டில் இருப்பதென்று பலரும் இதையே பரப்புகிறார்கள். முழு வைக்கோலாகப் பரப்பினால் பாய்போல் பின்னிக்கொள்ளும். மேலே உலர்ந்ததுபோல் காணப்படும்போதே அடியில் அழுகிக்கொண்டிருக்கும். வேறு பொருள் கிடையாதபோது இரண்டங்குல நீளத்திற்கு நறுக்கி, உமியோடு கலந்து பரப்பவேண்டும். மாட்டுக்குத் தீனியாகும் வைக்கோலைக் கோழியின் காலடியில் போடுவது சிக்கனமுமாகாது. கரும்புச் சக்கைக்கும் இக்குற்றங்கள் உண்டு. அது சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

மணல். ஆற்று மணல் ஈரத்தைக் குடிப்பதில்லை, கனமுள்ளது, எருவாவதில்லை. கோடையில் குளிர்ச்சியாயிருப்பதும் எச்சத்தைச் சலித்தெடுக்க ஏற்றதாயிருப்பதும் இதன் குணங்கள். வறண்ட பிரதேசத்தில் சில கோழிகளை வைத்திருப்போர்க்கு உதவும். மழைக்காலத்தில் குஞ்சு வளர்ப்போர்க்கு உதவாது.

சாம்பல். கூட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது முன்னோர் வழக்கம். உலர்ந்த சாம்பலில் கோழி புரண்டால் செள்ளும் பேனும் குறையும் என்பது அனுபவத்தால் கண்டதே. ஒரு மூலையில் பெட்டியிலிட்டு வைப்பது நன்று. ஆனால் சாம்பல் நனைந்தால் காரநீராகிக் காலைப் புண்ணாக்கும், காரவாயுவையும் அதிகப்படுத்தும். ஆகையால் சாம்பலைத் தரை முழுதும் கூளமாகப் பரப்பலாகாது.

குஞ்சுகளுக்குக் கூளம்

முதல்நாள் குஞ்சு எதையும் கொத்திப் பார்க்கும். தீனி இன்னதென்றும் உமி இன்னதென்றும் அதற்குத் தெரியாது. ஆகையால் அடைக்கும் வளையத்திற்குள் இரண்டங்குல உயரம் உமியைப் பரப்பி, அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, முதல் நாலைந்து நாட்கள் தாளின்மேலேயே குஞ்சுகளை விடவேண்டும். தாளைத் தினமும் மாற்றவேண்டும். வழவழப்பான தாள் உதவாது. அதன்மேல் வழுக்கி வழுக்கிக் குஞ்சின் கால்கள் அகன்று ஊனமாகிவிடும். குஞ்சுகள் தீனித்தட்டை அறிந்துகொண்டபின் தாளை எடுத்துவிடலாம்.

விளக்கின் உஷ்ணத்தால் குஞ்சு வளர்ப்போர், விளக்கு உமியின்மேல் விழாதபடி உறுதியாகக் கட்டியிருக்கிறதா என்று இரவுதோறும் பார்க்கவேண்டும். உமியும் சீவலும் எளிதில் பற்றும் பொருள்கள். தண்ணீர்த் தட்டைச் செங்கல்லின்மேலோ கம்பிவலைச் சட்டத்தின்மேலோ வைத்தால் கூளம் நனைவதில் பெரும்பகுதி நின்றுவிடும். முன்வளர்ந்த கோழிகள் நோய்ப்பட்டிருந்தால் அக்கூளத்தின்மேல் புதுக்குஞ்சுகளை ஒருபோதும் விடலாகாது.

பரப்பும் அளவும் பராமரிப்பும்

முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். நூறு கோழிகளுக்கு இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள கொட்டில் போதும். அதில் நாலங்குல உயரம் உமி பரப்ப ஏறக்குறைய 200 கிலோ தேவை. ஒரு டன் நெல்லை அரைத்தால் கிடைக்கும் உமி அவ்வளவே. ஆகவே ஒரு சிறு விவசாயியின் களத்து நெல்லே நூறு கோழிகளுக்குப் படுக்கை கொடுத்துவிடும்.

தரை வெளிநிலத்தைவிட ஓரடி உயர்ந்திருக்கவேண்டும். மண்தரையாயின் நன்கு திமிசுபோட்டுச் சுண்ணாம்பு தெளித்து உலர்ந்தபின் பரப்பவேண்டும். பக்கங்களில் கம்பிவலை வைத்துக் காற்றோட்டத்திற்கு இடம்விட்டு, கூரையை மூன்றடிக்குக் குறையாமல் வெளியே நீட்டினால் சாரல் உள்ளே வராது. சிலர் மழைக்கு அஞ்சிப் பக்கமெல்லாம் சாக்கால் மூடிவிடுகிறார்கள். உள்ளிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றிக் கூளத்திலேயே மீண்டும் படிகிறது. சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவைத்தல் வேண்டும்.

கூளத்தை வாரம் இருமுறை முள்வாரியாலோ மண்வெட்டியாலோ கிளறிவிடவேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர்த் தட்டின் அடியில் கட்டிபிடித்த பகுதியை உடனே எடுத்தெறிந்து புதுக்கூளம் இடவேண்டும். ஈரத்தின் அளவை அறியக் கருவி தேவையில்லை. ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுகப் பிடித்துக் கையை விரித்துப் பார்க்கவேண்டும். உருண்டையாய் நின்றால் ஈரம் மிகுதி. சற்றே சேர்ந்து பின் உதிர்ந்தால் சரியான பதம். சிறிதும் சேராமல் தூசியாய்ப் பறந்தால் வறட்சி மிகுதி. நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு ஈரம் இருப்பது உத்தமம்.

காரவாயுவை அறியவும் எளிய வழி உண்டு. நின்றபடி முகர்ந்தால் போதாது. கோழியின் உயரத்திற்குக் குந்தி ஒரு நிமிஷம் இருக்கவேண்டும். கண் கரித்தால் கோழிக்கும் கரிக்கிறது என்று அறிக. தினமும் கொட்டிலுக்குள் போகிறவருடைய மூக்கு அந்த நாற்றத்திற்குப் பழகிவிடும். ஆகையால் மாதம் ஒருமுறை அயல்வீட்டாரை அழைத்து முகரச்செய்வது நல்லது. ஈரம் மிகுந்தபோது சுண்ணாம்பு தூவுவது பலருடைய வழக்கம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும் என்பது மெய். ஆனால் அது காரமாதலால் அம்மோனியா வாயுவைக் கூளத்திலிருந்து விரட்டிக் காற்றில் கலக்கும். சூப்பர் பாஸ்பேட் உரத்தை மெல்லத் தூவிக் கிளறினால் அவ்வாயு கூளத்திலேயே கட்டுப்படும். எருவின் சத்தும் கூடும். சுண்ணாம்பைக் கோழியில்லாத வேளையில் வெறுந்தரைக்குப் பயன்படுத்துவதே தக்கது.

ஆழ்கூளம்

முன்னாளில் கூளத்தை வாரந்தோறும் மாற்றுவதே சுத்தம் என்று கருதப்பட்டது. 1940-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாகாண விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கென்னார்ட் என்பவர், பழங்கூளத்தை எடுக்காமல் அதன்மேல் புதுக்கூளத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து பரீட்சை செய்தார். உலர்ந்து கிளறப்பட்டு வந்த அப்பழங்கூளத்தின்மேல் வளர்ந்த கோழிகள் கேடடையவில்லை. மாம்சச் சத்துக் குறைந்த தீனி தின்றபோதும் அவற்றின் முட்டைகள் நன்றாகப் பொரித்தன. 1948-ஆம் ஆண்டில் பி-12 என்னும் உயிர்ச்சத்துப் பிரித்தெடுக்கப்பட்டபின் இதன் காரணம் விளங்கிற்று. கூளத்திலுள்ள கிருமிகள் அச்சத்தை உண்டாக்குகின்றன. கோழிகள் கிளறிக் கொத்தும்போது அதைப் பெறுகின்றன. இக்காலத்தில் தீனியிலேயே அச்சத்துச் சேர்க்கப்படுவதால் அந்த லாபத்தைப் பெரிதாகக் கொள்ள வேண்டுவதில்லை. வேலையும் செலவும் குறைவதே ஆழ்கூளத்தின் இன்றைய லாபம்.

நாலங்குலத்தில் தொடங்கி, மாதந்தோறும் சிறிது சேர்த்து, ஆறு முதல் எட்டங்குலம் வரை உயர்த்தலாம். கோடையின் தொடக்கத்தில் இதைத் தொடங்கினால் மழை வருவதற்குள் கூளம் பக்குவமாகிவிடும். ஐப்பசியில் தொடங்குவது தவறு.

நாமக்கல் முதலிய இடங்களில் பெரும் பண்ணையார் கோழிகளைக் கம்பிக் கூண்டுகளில் வைப்பதால் அவர்களுக்குக் கூளம் தேவைப்படுவதில்லை. நூறு இருநூறு கோழிகள் வளர்க்கும் அங்கத்தினர்க்குக் கூளத்தரையே சிக்கனமானது. ஐந்தாறு நாட்டுக்கோழிகளைப் பகலில் மேயவிட்டு இரவில் அடைப்போர் ஆழ்கூளத்தைப்பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. அவர்கள் கூட்டின் அடியில் ஈரங்குல உமியைப் பரப்பி, வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் போட்டாற் போதும். அடைவைக்கும் கூடைக்கும் முட்டையிடும் பெட்டிக்கும் தனியே சுத்தமான உமியோ நறுக்கிய வைக்கோலோ இடவேண்டும்.

எருவின் மதிப்பு

ஆழ்கூள முறையில் சுமார் நாற்பது கோழிகளிடமிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு டன் எரு கிடைக்கும். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு தழைச்சத்தும், இரண்டு பங்கு மணிச்சத்தும், இரண்டு பங்கு சாம்பற்சத்தும் உண்டு. தொழுவெருவில் உள்ளதைவிட இது பன்மடங்கு. கூளத்திற்குச் செய்த செலவு இவ்விதம் வயலின் வழியாகத் திரும்பி வருகிறது. ஆனால் கொட்டிலிலிருந்து எடுத்தவுடன் பயிருக்கு இட்டால் வேர் கருகும். குவித்து ஈரப்படுத்தி மூடிவைத்து, உள்ளே உஷ்ணம் எழுந்து அடங்கியபின் இடவேண்டும். அவ்வுஷ்ணத்தில் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மடியும்.

சங்கம் செய்யத்தக்கது

உமி அறுவடைக் காலத்தில் மலிவு, மழைக்காலத்தில் அருமை. இக்காலத்தில் அரிசி ஆலைகள் தங்கள் கொதிகலன்களுக்கும், செங்கல் சூளையார் சூளைக்கும் உமியை எரிப்பதால், தனியாக ஒருவர் இரண்டு மூட்டை கேட்டுப் போனால் ஆலையார் முகங்கொடுப்பதில்லை. இருபது அங்கத்தினர் சேர்ந்து ஒரு வண்டிச் சுமையாகக் கேட்டால் விலையும் குறையும், வண்டிக் கூலியும் பங்காகும். கூட்டுறவின் பயன் இவ்விடத்தில் கண்கூடு. தை மாதத்திலேயே தேவையைக் கணக்கிட்டுச் சங்கத்தின் பெயரால் வாங்கி, ஒழுகாத கிடங்கில் பலகைமேல் அடுக்கி வைத்து, ஐப்பசியில் அடக்கவிலைக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். குஞ்சுக் கடன் கொடுக்கும்போதே கூளத்திற்கும் ஒரு தொகை ஒதுக்குவது கடன் பத்திரமாகத் திரும்புவதற்கும் வழியாகும். எருவையும் இவ்வாறே சேர்த்து விற்றால் தனியே விற்பதைவிட நல்ல விலை கிடைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது. கோழியின் எச்சம் பட்ட கூளம், சாக்கு, வண்டி, செருப்பு ஆகியவற்றாலும் அத்தகைய நோய்கள் ஊர்விட்டு ஊர் செல்லும். ஆகையால் வேறு பண்ணையிலிருந்து வந்த பழஞ்சாக்கில் உமியைக் கட்டலாகாது; எருவை ஏற்றிய வண்டியைக் கழுவாமல் கூளம் ஏற்றக் கொண்டுவரலாகாது. சேர்ந்து வாங்குவதால் செலவு பங்காவதுபோல, அஜாக்கிரதையால் நோயும் பங்காகக்கூடும்.

முடிவாக, எந்தப் பொருள் சிறந்தது என்ற கேள்விக்குத் தேசம் முழுமைக்கும் ஒரே விடை கிடையாது. நெல் விளையும் ஊரில் தனி உமி. கடலை விளையும் ஊரில் நன்கு காய்ந்த தோல். தச்சுப்பட்டறை மிகுந்த ஊரில் மருந்தூட்டாத மரத்தின் சீவல். தென்னை மிகுந்த ஊரில் உமி கலந்த நார்க்கழிவு. இவற்றுள் தம் ஊருக்கு ஏற்றதை அங்கத்தினர் தேர்ந்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும், கிளறும் கையும் திறந்த காற்றும் இல்லாவிடில் அது பயன்தராது. வெயில் காய்கின்ற மாதங்களில் கூளத்தைத் தேடி உலர்த்தி வைப்பவர், மழை பொழியும் இரவுகளில் குஞ்சுகளைப்பற்றிக் கவலையின்றி உறங்குவர். சங்க அங்கத்தினர் யாவரும் வருகின்ற தை மாதத்திலேயே இதற்கான ஏற்பாட்டைச் செய்து நன்மையடைவார்களாக.